படபடப்பு உள்ளவருக்கு ஹெவி லைசென்ஸா?

சென்னை வெளிவட்டச் சாலை பெங்களூரு நெடுஞ்சாலையைச் சந்திக்கும் இடம் நசரத்பேட்டை. ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை ஆலைகளில் ஏற்றிய கன்டெய்னர்கள் இங்கே திரும்பித்தான் மீஞ்சூர் பக்கம், எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களுக்குப் போகின்றன. இந்தத் தடத்தில் லாரியில் கிளீனராக ஓடும் ஓர் இளைஞருக்கு ஹெவி லைசென்ஸ்தான் அடுத்த படி. சம்பளமும் மரியாதையும் அதோடுதான் ஏறும். அவருக்குப் படபடப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். திடீரென்று நெஞ்சு அடித்துக்கொள்ளும், உள்ளங்கை வியர்க்கும், தலை சுற்றும். டாக்டரிடம் காட்டி மாத்திரை சாப்பிட்டு வருகிறார். லைசென்ஸ் படிவத்தில் அதை அவர் சொல்லியாக வேண்டுமா?

1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் படிவம் 1 என்பது, விண்ணப்பதாரர் தன் உடல்நிலையைப் பற்றித் தானே கையெழுத்திட்டுத் தரும் உறுதிமொழி. வலிப்பு உண்டா, எக்காரணத்தாலாவது திடீர் மயக்கமோ தலைச்சுற்றலோ வருமா, 25 மீட்டர் தள்ளி நிற்கும் காரின் நம்பர் பிளேட் தெரிகிறதா, மாலைக்கண் உண்டா என்று அடுக்கிக்கொண்டே போய், பொதுமக்களுக்கு ஆபத்தாக முடியக்கூடிய வேறு நோய் ஏதும் உண்டா என்று முடிக்கிறது. தலைச்சுற்றல் கேள்விக்கு நம் இளைஞர் உள்ளபடி எழுதினால் 'ஆம்' என்றுதான் எழுத வேண்டும். கடைசிக் கேள்வி அதைவிடச் சங்கடமானது. தன் நோயால் ஊருக்கு ஆபத்தா என்பதை நோயாளியே தீர்ப்புச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதிலும் படபடப்பு உள்ளவர், இல்லாத ஆபத்தையும் இருப்பதாக எண்ணிப் பயப்படுபவர்.

வணிக வாகனம் ஓட்ட டாக்டரின் சான்றும் வேண்டும். அது படிவம் 1அ. தூரப் பார்வை, காது கேட்கும் திறன், கை கால், மூட்டுகள் ஆகியவற்றைத் தனிக் கவனத்தோடு சோதித்ததாக டாக்டர் அதில் உறுதி சொல்கிறார். அந்த வரியில் மனத்துக்கு இடமில்லை. கட்டாகப் படிவங்கள் வர, ஆளைப் பார்க்காமலே கையெழுத்து விழும் கிளினிக்குகள் உண்டு என்பதும் ஊரறிந்த சங்கதி. அப்படிப் போட்ட கையெழுத்து, இளைஞர் மறைத்ததைவிடப் பெரிய பொய்.

மறுபக்கத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. 40 டன் வண்டிக்குப் பக்கத்தில் பிள்ளையை ஸ்கூட்டரில் வைத்துப் போகும் தாயிடம் யாரும் சம்மதம் கேட்டதில்லை. 2015 மார்ச் 24-இல் ஜெர்மன்விங்ஸ் விமானத்தைத் துணை விமானி வேண்டுமென்றே மலையில் மோதியதில் அவரையும் சேர்த்து 150 பேர் இறந்தார்கள். வேலைக்குத் தகுதியில்லை என்று டாக்டர் கொடுத்த சான்றை அவர் நிறுவனத்திடம் மறைத்திருந்தார். அவருடைய நோய் வெறும் படபடப்பு அல்ல. இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது அநியாயம். ஆனால் மறைத்த காரணம் இங்கும் பொருந்தும்: சொன்னால் வேலை போய்விடும் என்ற பயம்.

அந்தப் பயத்தைக் குறைப்பதே பாதுகாப்புக்கு வழி. அமெரிக்காவில் 2010 முதல், மனச்சோர்வுக்கான குறிப்பிட்ட சில மருந்துகளில் ஒன்றைச் சாப்பிடும் விமானிகளும் கண்காணிப்போடு பறக்க அனுமதி பெறலாம். பிரிட்டனில் கவனமும் நினைவாற்றலும் பெரிதாகக் குலையாத, தற்கொலை எண்ணம் இல்லாத பதற்றம் லாரி ஓட்டத் தடையில்லை. நம் நாட்டின் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டமும், மனநோய் இருப்பதாலேயே ஒருவரைச் சித்த சுவாதீனம் இல்லாதவராகக் கருதக் கூடாது என்கிறது. நோயின் பெயரைக் கேட்டு ஒதுக்குவது நியாயமும் அல்ல, உபயோகமும் அல்ல. கேட்க வேண்டியது வேறு. எந்த மாத்திரை, எந்த வேளைக்கு? அல்ப்ரசோலம், குளோனசெபாம் போன்றவை தூக்கத்தைக் கொண்டுவரும். ஆரம்பித்த நாட்களிலும் அளவை மாற்றும்போதும் ஸ்டீயரிங்கைத் தொடக் கூடாது. படபடப்பு வந்தால் வண்டியை ஓரங்கட்டும் அளவுக்கு நிதானம் மிஞ்சுகிறதா? கடைசியாக எப்போது வந்தது?

இந்தக் கேள்விகளுக்கு டாக்டரிடம் உண்மை சொல்வது இளைஞரின் கடமை. அதில் சலுகை கிடையாது. ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் அவர் உண்மை சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கும் உரிமை அரசுக்கு உண்டு, உண்மை சொன்னவரை முறையாகப் பரிசோதிப்போம் என்ற உத்தரவாதத்தையும் கொடுத்தால். இன்று அந்த உத்தரவாதம் தெளிவாக இல்லை. ஆபத்து என்று தோன்றினால் லைசென்ஸ் மறுக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு. மறுத்தால் மேல்முறையீடு உண்டு, ஆனால் அன்றாடங்காய்ச்சிக்கு அதற்கெல்லாம் ஏது நேரம்? இந்த நிலையில் 'இல்லை' என்று எழுதுபவரைப் பொய்யர் என்று மட்டும் சொல்லிக் கைகழுவுவது சரியாகாது.

இன்னொன்று. 2025 வரை அமலில் இருந்த, 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் பொதுவாக நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வேலையை வரையறுத்தது. துறைமுக வாசலில் இரவெல்லாம் வரிசையில் கிடந்துவிட்டு விடிந்ததும் மறு லோடுக்கு ஓடுபவருக்கு அது ஏட்டுச் சுரைக்காயாகத்தான் இருந்தது. தூக்கம் கெட்டால் படபடப்பு கூடும். நோயே இல்லாத டிரைவரும் கண்ணயர்வார். டிரைவரிடம் மருத்துவச் சான்று கேட்கும் அரசு, லாரி உரிமையாளரிடம் அந்த டிரைவரின் ஓய்வுக் கணக்கையும் கையெழுத்தோடு கேட்டு வாங்கலாம்.