திங்கட்கிழமை மௌனம்

தில்லி ராமகிருஷ்ணபுரத்துக் குன்றின்மேல் எழுந்தருளியிருக்கும் சுவாமிநாதனைச் சாயரட்சை வேளையில் தரிசித்துவிட்டு, ஆசிரியரும் சீடனும் ஓரமாக அமர்ந்தபோது நிகழ்ந்த சம்பாஷணை இது.

சீடன்: சுவாமி, கைபேசியையும் இணையத்தையும் அறவே துறந்துவிடச் சங்கற்பித்திருக்கிறேன். ஜபத்துக்கு அமர்ந்தால் விரல் மணியை விட்டு அதைத் தேடிப் போகிறது.

ஆசிரியர்: அறவே துறந்தால், காரியாலயத்தில் உன் உத்தியோகம் என்னாவது? கும்பகோணத்தில் நோயுற்றுக் கிடக்கும் தாயார் உன்னை எப்படி அழைப்பார்? நிறைவேறாத சங்கற்பம் மூன்றாம் நாளே முறியும். முறிந்தபின் மனத்துக்குத் துணிச்சல்தான் மிகும். இந்நகரிலேயே நடந்த ஒன்றைக் கேள். 1947 ஜூன் 2, திங்கட்கிழமை. தேசப் பிரிவினைத் திட்டத்தைத் தலைவர்களிடம் தெரிவித்த வைஸ்ராய் மவுண்ட்பேட்டன், இன்று ராஷ்டிரபதி பவன் என வழங்கும் மாளிகையில் காந்தியடிகளையும் சந்தித்தார். பிரிவினையை உள்ளம் நொந்து எதிர்த்துவந்த அம்மகானுக்கோ அது வாராந்தர மௌன நாள். பழைய உறைகளின் பின்புறத்தில் எழுதிக் காட்டினார். உயர்பதவியினருடன் அவசர விஷயம் பேசவும், பிணியாளரைக் கவனிக்கவும் என இரண்டு விலக்குகளை விரதம் ஏற்றபோதே தாம் வைத்துக்கொண்டதாகவும், ஆயினும் மௌனம் கலைவதை வைஸ்ராய் விரும்பமாட்டார் என்று தாம் அறிவதாகவும் அதில் குறித்தார்.

சீடன்: முதல் விலக்கு அன்று அவருக்குப் பொருந்துமே! தேசமே இரண்டாகும் வேளையில் அதை ஏன் உபயோகிக்கவில்லை?

ஆசிரியர்: அவர் உள்ளத்தை அளக்க நான் யார்? ஆனால் அவர் அன்று ஒளிந்துகொள்ளவில்லை என்பதைக் கவனி. போனார், செவிமடுத்தார், எழுதினார். திங்கட்கிழமைப் பிரார்த்தனைக் கூட்டங்களிலும் அவர் எழுதித் தந்ததைப் பிறர் வாசித்தனர். உலகத்தோடுள்ள உறவை அறுக்காமல், கேட்ட கணமே மறுமொழி கூறிவிடத் துடிக்கும் வேகத்தை மாத்திரமே அவர் அறுத்தார். செய்தி ஒலித்ததும் எடுத்து, எடுத்ததும் கோபித்து, கோபித்ததும் நாலு பேருக்கு அனுப்பி, அவர்கள் என்ன சொன்னார்கள் என்று நடுநிசியில் விழித்துப் பார்க்கிறோமே, அந்த வேகந்தான் நம் வியாதி. இன்னொன்றும் உண்டு. விலக்குகளை அவர் ஆசை தூண்டியபின் தேடவில்லை. மனம் தெளிந்திருந்தபோதே வகுத்துக்கொண்டார்.

சீடன்: எனக்கு எவ்வாறு வகுத்துத் தருகிறீர்கள்?

ஆசிரியர்: தினமும் மாலை ஏழு மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம். மகாராஷ்டிரத்துச் சாங்லி ஜில்லாவிலுள்ள வட்காவ் கிராமத்தார் 2022 முதல், சைரன் ஒலித்ததும் கைபேசியையும் தொலைக்காட்சியையும் அணைத்து இவ்வளவு நேரத்தைக் காத்துவந்தனர். ஊரே கூடிச் செய்ததை உன் குடும்பம் கூடிச் செய்யலாம். தாயாரின் அழைப்பு ஒரு விலக்கு, மேலதிகாரியின் அவசர அழைப்பு இன்னொன்று; இரண்டும் குரலாக வந்தால் மாத்திரம். கீதை உபந்யாசம் கேட்கத்தானே என்று மனம் கெஞ்சும். அதற்கும் இடம் கொடாதே.

சீடன்: அந்நேரத்தில் மனம் அலைபாய்ந்தால்?

ஆசிரியர்: அலையட்டும். உன்னை எழுப்பி, கைபேசி வைத்த அலமாரி வரை நடத்திச் செல்வது பயமா, புகழாசையா, வெறும் சலிப்பா என்று மாத்திரம் பார்த்து வை. அடுத்த கிருத்திகைக்கு வருவாயல்லவா, அதைப் பற்றியே பேசுவோம்.