மற்றும் பலர்

அலுவலகக் கோப்புகளோடு இருபது ஆண்டுகளாகப் பழகிய கை என்னுடையது. எழுத்தர்களாகிய எங்களுக்கென்று சில சொற்றொடர்கள் உண்டு. அவற்றுள் மிக எளிதானதும் மிகுந்த பயனுடையதும் ‘மற்றும் பலர்’ என்பதாகும். பெயர்ப் பட்டியல் நீண்டுவிடுமோ என்று அஞ்சும்போது அது கைகொடுக்கும். எவரையேனும் மறந்துவிட்டோமோ என்ற ஐயம் எழும்போதும் அதுவே காக்கும். இச்சிறு தொடருக்குள் ஓர் அறக்கேள்வி ஒளிந்து கிடக்கிறது என்பதை நாற்பது வயதைக் கடந்த பின்னரே நான் கற்றேன். கற்பித்தவர் எழுதப் படிக்கத் தெரியாத மூதாட்டி ஒருவர்.

இரண்டு குளிர்காலங்களுக்கு முன்னர், கொல்கத்தாவில் லேக் மார்க்கெட்டை அடுத்து வாழும் தமிழ்க் குடும்பத்துப் பெண்கள் சிலரும் அவர்களுடைய வங்காளத் தோழியரும் கூடி ஒரு முயற்சியில் இறங்கினர். வீட்டுக்கு வீடு பழைய சேலைகளைத் திரட்டி, பெரியதொரு காந்தாப் போர்வையைக் கூட்டாகத் தைத்து, கண்காட்சியில் வைப்பது என்பதே அம்முயற்சி. சனிக்கிழமைதோறும் பிற்பகலில் எங்கள் குடியிருப்பின் மொட்டைமாடி பயிற்சிக்கூடமாக மாறியது. மறைந்த என் தாயாரின் சுங்குடிச் சேலையை என் மனைவி கொடுத்தாள். அடுத்த வீட்டு அம்மையார் தம் வங்கக் கைத்தறிச் சேலையைக் கொடுத்தார். தையல் கற்பிக்கத் தகுதியுடையவர் யார் என்று தேடியபோது, எங்கள் குடியிருப்பில் வீட்டுவேலைக்காக நாள்தோறும் தெற்கேயிருந்து புறநகர் இரயிலில் வந்துபோகும் மாசியே அக்கலையில் தேர்ந்தவர் என்பது தெரிய வந்தது. வங்காளத்தில் மாசி என்றால் தாயின் உடன்பிறந்தாள். நாம் சித்தி, பெரியம்மா என்பது போல.

காந்தா என்னும் சொல்லைக் கேட்டதும் நமக்குக் கந்தை நினைவுக்கு வரும். அந்நினைவு தவறன்று. கிழிந்து நைந்த சேலைகளையும் வேட்டிகளையும் மூன்று நான்கு அடுக்குகளாக ஒன்றன்மேல் ஒன்று பரப்பி, பழஞ்சேலையின் கரையிலிருந்து உருவிய வண்ண நூலால் நெருக்கமாக ஓடுதையல் இட்டு இணைப்பதே இக்கலை. நடுவே தாமரை மலரும். நான்கு மூலைகளிலும் மரமோ கொடியோ தழைக்கும். இடைவெளிகளில் யானையும் மீனும் பல்லக்கும் தோன்றும். வங்கத்துச் சிற்றூர்ப் பெண்கள் இதனைத் தம் குழந்தைகளுக்கும் கணவருக்கும் விருந்தினருக்கும் தைத்தார்கள், விற்பதற்காகத் தைக்கவில்லை. ஆகவே, தைத்தவர் யார் என்ற கேள்வி வீட்டுக்குள் எழவேயில்லை. போர்த்துக்கொண்டவர்களுக்கு அது தெரியும். போர்வை வீட்டைவிட்டு வெளியேறிக் கண்காட்சியின் சுவருக்கு ஏறும்போதுதான் அக்கேள்வி பிறக்கிறது.

எங்கள் போர்வையும் சுவருக்கு ஏறியது. அறிமுக அட்டை எழுதும் பணி, எழுத்தன் என்ற முறையில், என்னிடம் வந்தது. ஏற்பாடு செய்த மூவரின் பெயர்களை வங்காளத்திலும் தமிழிலும் அழகாக எழுதினேன். ஈற்றில் ‘மற்றும் பலர்’ என்று முடித்தேன். எவரும் குறை கூறவில்லை.

கண்காட்சியின் இரண்டாம் நாள் மாசி தம் மகள் வயிற்றுப் பேத்தியோடு வந்தார். பள்ளியில் பயிலும் அச்சிறுமி அட்டையை ஒருமுறைக்கு இருமுறை படித்தாள். “தீதிமா, இதில் உன் பெயர் இல்லையே?” என்று கேட்டாள். மாசியின் முகத்தில் சினம் இல்லை. வருத்தமும் இருந்ததாகத் தெரியவில்லை. போர்வையின் நடுவே கையை நீட்டி, “அந்தத் தாமரை இருக்கிறதே, அது நான்தான்” என்றார்.

அருகில் நின்ற எனக்கு நா எழவில்லை. ஓராண்டுக்காலம் வாரந்தோறும் அவர் கற்பித்ததைக் கண்டவன் நான். அப்பெரும் போர்வையின் நடுப்பகுதி முழுதும் அவர் கைப்பட்டது. அட்டையைத் திருத்த முனைந்தபோதுதான் அதனினும் பெரிய வெட்கம் காத்திருந்தது: அவர் பெயர் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. உறவுமுறை சொல்லி அன்போடுதான் அழைத்து வந்தோம். அந்த உறவுச் சொல்லே ஒரு திரையாகி அவர் பெயரை மறைத்துவிட்டது.

இனிக் கேள்விக்கு வருவோம். பலர் கூடிச் செய்த ஒன்றில் ஒவ்வொருவர் பெயரும் இடம்பெற வேண்டுமா? வேண்டா என்பார் கூறும் காரணங்கள் எளிதில் ஒதுக்கத்தக்கன அல்ல. ஏற்பாட்டாளர் மூவருள் ஒருவரான நண்பர் அன்றே அவற்றை என்னிடம் எடுத்துரைத்தார். “கலையில் ‘நான்’ கரைய வேண்டும். கூட்டுப்பணியின் சிறப்பே அதுதான். பெயர் எழுதத் தொடங்கினால் யார் முன்னே, யார் பின்னே என்ற பூசல் வரும், நட்புக் கெடும். மேலும் அத்தனை பெயர்களுக்கும் இடம் ஏது?” என்றார் அவர். ஏற்பாடு செய்தோரின் உழைப்பையும் அவர் நினைவூட்டினார். மண்டபம் பிடித்ததும் பணம் திரட்டியதும் அலைந்ததும் அவர்களே. அதுவும் ஒருவகைத் தையலே என்பதை நான் மறுக்கவில்லை.

முதற் காரணத்தை எண்ணிப் பார்ப்போம். ‘நான்’ கரைவது உயர்ந்த நிலை என்பதில் ஐயமில்லை. ஆனால், கரைய வேண்டியது யாருடைய ‘நான்’? எங்கள் அட்டையில் மூவர் கரையவில்லை, ஏனையோரே கரைந்தனர். எல்லாப் பெயர்களும் நீங்கியிருந்தால் அதனை அடக்கம் எனலாம். சில பெயர்கள் நின்று சில மறைவது அடக்கம் ஆகுமோ? தன் பெயரைத் தானே துறப்பது துறவு. பிறர் பெயரை நாம் துறப்பது களவு. உடைமையைத் துறக்க உடையவனுக்கே உரிமை உண்டு என்பது உலகறிந்த நீதி. பெயரும் ஓர் உடைமையே. ஏழைக்கு ஒருவேளை அஃது ஒன்றே உடைமை.

நம் முன்னோர் இதனை அறிந்திருந்தனர். குறுந்தொகையின் நாற்பதாம் பாட்டைப் பாடியவரின் இயற்பெயர் தொகுத்தவர்களுக்குக் கிட்டவில்லை. அதற்காக அவர்கள் ‘யாரோ ஒருவர்’ என்று எழுதி அமையவில்லை. அவர் பாட்டில் ஒளிரும் உவமையையே பெயராக்கிச் செம்புலப்பெயல்நீரார் என்று வழங்கினர். தேய்புரிப் பழங்கயிற்றினார் என்ற பெயரும் அவ்வாறு பிறந்ததே. பெயர் தெரியாத இடத்தும் ‘இவர் தனி ஒருவர்’ என்று காட்டும் கடமையை அவர்கள் விட்டுவிடவில்லை. தாமரையைச் சுட்டி ‘அது நான்தான்’ என்ற மாசியின் சொல்லில் எனக்கு அம்மரபே கேட்டது.

அதே தமிழ் மரபில் மறுபக்கமும் உண்டு. நற்றிணையைத் தொகுப்பித்தவன் பன்னாடு தந்த பாண்டியன் மாறன் வழுதி என்று அறிகிறோம். தொகுத்தவர் பெயர் நமக்கு வந்து சேரவில்லை. செய்வித்தவன் பெயர் நிற்கச் செய்தவர் பெயர் மறைவது நேற்றுத் தொடங்கிய வழக்கம் அன்று.

இடம் இல்லை என்ற காரணத்துக்குத் தஞ்சைப் பெரிய கோயில் விடை கூறும். கோயிற்பணிக்குக் கொண்டுவந்து குடியேற்றிய தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயர்களையும், எந்தெந்தக் கோயிலிலிருந்து வந்தனர், எத்தெருவில் எத்தனையாவது வீட்டில் குடியிருந்தனர் என்பவற்றையும் இராசராசன் கல்லில் வெட்டுவித்தான். அவனுக்குக் கணக்கும் நிருவாகமும் நோக்கமாக இருந்திருக்கலாம். ஆயினும் ஆயிரம் ஆண்டுகள் கழிந்த பின்னும் அப்பெண்கள் ‘மற்றும் பலர்’ ஆகிவிடவில்லை. கல்லில் உளியால் 400 பெயர்களுக்கு இடம் இருந்ததென்றால், அட்டையில் பேனாவால் முப்பது பெயர்களுக்கு இடம் இல்லாமற் போகுமா?

வங்கத்துக்கே திரும்பினாலும் சான்று உண்டு. குருசதய தத் என்னும் இந்தியக் குடிமைப்பணி அதிகாரி (1882–1941) ஊர் ஊராகச் சென்று நாட்டுப்புறக் கலைப்பொருள்களைத் திரட்டினார். கொல்கத்தாவின் தென்மேற்கே ஜோக்காவில் அவர் பெயரால் அருங்காட்சியகம் அமைந்த அத்தொகுப்பில், மானதாசுந்தரி தாசி என்னும் பெண் தன் தந்தைக்காகத் தைத்த காந்தா புகழ் பெற்றது. அவள் தன் பெயரைத் தன் ஊசியாலேயே பொறித்திருக்கிறாள். நம் காலத்திலும் 2023-இல் சோனார்பூரைச் சேர்ந்த பிரீதிகணா கோஸ்வாமிக்கும், 2024-இல் பீர்பூமைச் சேர்ந்த தக்தீரா பேகத்துக்கும் காந்தாக் கலைக்காகப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. ஊசி பிடித்த கையின் பெயர் அரசின் பட்டியலில் ஏறியது கண்டு, பட்டியல்களோடு வாழும் நான் பெரிதும் மகிழ்ந்தேன்.

கடல் கடந்த ஓர் எடுத்துக்காட்டையும் கூறுவேன். 1987 அக்டோபர் 11 அன்று வாஷிங்டன் நகரின் பெருந்திடலில், எய்ட்ஸ் நோயால் மாண்டவர்களுக்காக ஒட்டுத்துணிப் போர்வை ஒன்று விரிக்கப்பட்டது. அன்று அதில் 1,920 துண்டுகள் இருந்தன. ஒவ்வொன்றும் மூன்றடி அகலமும் ஆறடி நீளமும் கொண்டது; ஒரு மனிதரைப் புதைக்கும் குழியின் அளவு. தாயும் நண்பரும் துணைவரும் தைத்த துண்டுகள் அவை. அம்முயற்சிக்கு அவர்கள் இட்ட பெயரே ‘பெயர்கள்’ என்பதுதான். அந்நோயால் இறந்தவரின் பெயரைச் சொல்லவும் கூசிய காலம் அது. திடலில் நின்று அப்பெயர்களை ஒவ்வொன்றாக உரக்கப் படித்தார்கள். எண்ணிக்கை மட்டும் சொல்லியிருந்தால் நேரம் மிச்சமாகியிருக்கும். மனிதர்கள் மிஞ்சியிருக்க மாட்டார்கள்.

எஞ்சியது பூசல் பற்றிய அச்சம். பூசல் வரிசையால் வருகிறதேயன்றிப் பெயரால் வருவதில்லை. அகர வரிசை அதற்கு மருந்து. எங்கள் அலுவலகத்தில் நான் எழுதும் வரைவு மேலதிகாரியின் கையொப்பத்தோடு வெளியே செல்கிறது. அதில் எனக்குக் குறை இல்லை. ஏனெனில், கோப்பின் குறிப்புத் தாளில் என் சுருக்கொப்பம் இருக்கிறது. யார் எழுதினார் என்பது கோப்புக்குத் தெரியும். கோப்பு காட்டும் நேர்மையை நட்புக் காட்ட வேண்டாவா?

அன்றிரவு வீடு வீடாகச் சென்று கேட்டு எழுதினேன். தைத்தவர், கற்பித்தவர், துணி துவைத்து வெட்டியவர், சேலை கொடுத்தவர் என 31 பெயர்கள் சேர்ந்தன. அவற்றுள் என் தாயார் பெயரும் ஒன்று. மூன்றாம் நாள் சுவரில் இரண்டு தாள்கள் தொங்கின. அகர வரிசைப்படி ஏற்பாட்டாளர் மூவரும் இடையிடையே அமைந்தனர். மறுவாரம் மாசியின் பெயரைப் பேத்தி சுண்ணக்கட்டியால் துணியின் மூலையில் எழுத, மாசி அதன்மேல் தையலிட்டார். தம் பெயரின் வடிவத்தை அவர் கை முதன்முறையாக எழுதியது அப்போதுதான்.

அப்பெயரை இக்கட்டுரையில் ஏன் எழுதவில்லை என்று அன்பர்கள் கேட்கக்கூடும். எழுதலாமா என்று அவரைக் கேட்டேன். “துணியில் இருக்கிறதே, அது போதும் தாதா” என்றார். துறக்கும் உரிமை அவருடையது. அதனை அவரிடம் கேட்க வேண்டிய கடமை மட்டுமே என்னுடையது.