மூணு மாசம் முடியட்டும்

உசிலம்பட்டிப் பக்கம் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்த காலமெல்லாம் நான் கேட்ட பேச்சு இது. சொல்கிறவர் பெரும்பாலும் மாமியார். "நாள்தான் தள்ளிருக்கு நர்சம்மா. மூணு மாசம் முடியட்டும். இப்பவே நோட்டுல ஏத்துனா ஊரு கண்ணு பட்டுரும்."

இதை அறியாமை என்று நான் நினைத்ததே இல்லை. உறுதியான கருவிலும் பத்தில் ஒன்றுக்குக் குறையாமல் கலைந்துபோகிறது; பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள். ஊரறியச் சொல்லிவிட்டு இழந்தவள் வாசலுக்கு வாசல் பதில் சொல்ல வேண்டும். கைக்கு இன்னும் வந்து சேராததை நம்முடையது என்று சொல்லிக்கொள்ளக் கூடாது என்ற அடக்கமும் அதில் உண்டு. அது பக்திதான்.

ஆனால் அதே வீட்டில், நாள் தள்ளிய வாரமே மஞ்சள் துணியில் காசு முடிந்து குலசாமிக்கு வைத்திருப்பார்கள். சாமிக்குச் சொல்லலாம், காக்கிறவர் கண் படாது. என் கேள்வி அங்கேதான் பிறந்தது. காக்கிறவர் வரிசையில் மனிதருக்கு இடம் இல்லையா? மாத்திரையைத் தேடிப் போனால் சாமியை நம்பவில்லை என்று ஆகிவிடுமா?

திருச்சி மலைக்கோட்டையில் இருப்பவர் தாயுமானவர். மகளின் பேறுகாலத்துக்குப் புறப்பட்ட தாய் காவிரி வெள்ளத்தில் அக்கரையிலேயே நின்றுவிட, சிவனே தாயாக வந்து பேறு பார்த்தார் என்பது தல வரலாறு. கைலாயத்தில் இருந்தபடியே வலியைப் போக்கியிருக்கலாம். அவர் வந்து பக்கத்தில் இருந்தார், மருத்துவச்சி வேலை செய்தார். கடவுளே எடுத்துச் செய்த வேலையை நாடிப் போவது அவநம்பிக்கை ஆகாது. அந்தத் தாய் வெறுங்கையோடு கிளம்பவில்லை என்பதையும் நான் மறப்பதில்லை. மகளுக்கு மாதம் என்ன என்று தெரிந்து, மருந்தும் எண்ணெயும் சேர்த்துக்கொண்டு புறப்பட்டவள் அவள்.

எங்கள் வேலைக்கும் அந்த மாதக் கணக்குதான் ஆதாரம். ரத்தம் குறைந்தவளுக்கு அது ஊற மாதக்கணக்கில் ஆகும். ஏழாம் மாதம் வந்து நின்றால் என்ன செய்ய முடியும்? அரசு தரும் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி 18,000 ரூபாயாகி, முதல் தவணைக்கு 12 வாரத்துக்குள் பதிய வேண்டும் என்று வந்தபின், கர்ப்பத்தைப் பதிந்ததும் தரும் பிக்மி நம்பருக்காக மாமியார்களே மருமகள்களைக் கூட்டி வந்தார்கள். காசுக்காகத்தானே என்பார்கள். ஒரு நாள் களையெடுப்புக் கூலியை விட்டுவிட்டு வருகிற வீட்டுக்குக் காசும் அருள்தான்.

வாசலில் நின்று உரக்கக் கேட்கிற செவிலியரும் ஊர்க்கண்தான். அதனால் மூத்த பிள்ளையின் தடுப்பூசியைச் சாக்காக வைத்து உள்ளே போவேன். கேட்க வேண்டியதை அடுப்படியில் கேட்பேன்.

இன்னொரு மௌனம் உண்டு. அதைச் சாமி பேரில் எழுத நான் சம்மதிக்க மாட்டேன். இரண்டும் பெண்ணாகப் பெற்றவள் மூன்றாவதை ஐந்து மாதம் வரை சேலைக்குள் மறைப்பாள். பெண் சிசுக் கொலைக்காக 1986-இல் நாடெங்கும் பேசப்பட்ட மண் இது. கருவில் ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்வதைத் தடுக்க 1994-இல் சட்டம் வந்தது. ஆனாலும் அந்தக் கேள்வி வீட்டுக்குள் ஓயவில்லை. கண்திருஷ்டிக்குப் பயந்தவள் கருவைக் காக்க மறைக்கிறாள். இவளோ அந்தக் கேள்விக்கு ஆளாகாமல் இருக்க மறைக்கிறாள். இவளுக்குத்தான் முதல் மாதத்திலேயே ஒரு மனுஷி வேண்டும். அப்படி மறைத்துவிட்டுப் பிந்தி வந்தவளிடம் ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று நான் கேட்டதில்லை. ரத்தம் பார்த்து, மாத்திரை கொடுத்து, அடுத்து வர வேண்டிய தேதியைச் சொல்லி அனுப்புவேன்.