சிவப்பு மையும் சிவப்புக் கையும்

பள்ளி வருகைப் பதிவேட்டில் ஒரு பெயரை நீக்கச் சிவப்பு மை போதும். பெயரின்மீது ஒரு கோடு. பக்கத்தில் 'நீண்ட நாள் வராமை' என்று ஒரு குறிப்பு. கீழே ஆசிரியரின் சுருக்கொப்பம். முடிந்தது!

புதுக்கோட்டை மாவட்டத்துச் சிற்றூர்ப் பள்ளி ஒன்றில் நாம் பணியேற்ற முதலாண்டிலேயே ஒன்பதாம் வகுப்பில் அப்படி ஒரு பெயரை அடித்தோம். அந்தப் பிள்ளையின் நடையைப் பார்த்து நகைத்தார்கள். குரலைக் கேட்டுக் கூவினார்கள். நாமும் கண்டோம். கண்டும், 'பிள்ளைகளின் விளையாட்டு' என்று வாளாவிருந்தோம். பிள்ளை வரவில்லை என்பதை எழுதப் பதிவேட்டில் கட்டம் உண்டு. ஏன் வரவில்லை என்பதை எழுதக் கட்டம் இல்லை.

சென்ற ஆண்டு ஒரு பெண் பள்ளிக்கு வந்து மாற்றுச் சான்றிதழ் கேட்டார். "என்னம்மா, எந்த ஆண்டு படித்தாய்?" என்றோம். "நீங்கதான் சார் பேரை அடிச்சீங்க" என்றார். சினமில்லை அந்தக் குரலில். இருந்திருந்தால் நமக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும். அன்று முதல் ஒரு கேள்வி நம்மை விடவில்லை. ஒரு மனிதரின் வாழ்வை எழுதி வைக்கும் உரிமை யாருக்கு உரியது?

தமிழாசிரியன் என்ற முறையில் முதலில் இலக்கணத்தைப் புரட்டினோம். ஆண்மை திரிந்தோர்க்குரிய பெயரைத் தொல்காப்பியம் உயர்திணையில் வைத்தே பேசுகிறது. ஈராயிரம் ஆண்டுப் பெருமை பேச இதைச் சொல்லவில்லை; உயர்திணையில் வைத்த நாட்டில்தான் அவர்களை அஃறிணையாய் விரட்டினோம்! இலக்கணம் எண்ணியது, ஊர் எண்ணவில்லை.

பின்னாளில் எண்ணியது யார்? காவல் நிலையம்! 1871ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் இரண்டாம் பகுதி, வடபுலத்து மாகாணங்களில் 'அலிகள்' எனப்பட்டோரின் பெயரையும் இருப்பிடத்தையும் பதிவேட்டில் ஏற்றச் சொன்னது. பதிவானவர் பெண்ணுடை உடுத்திப் பொதுவிடத்தில் தோன்றினால் தண்டனை, ஆடினால் தண்டனை, இசைத்தால் தண்டனை. இவற்றோடு இன்னொரு விதி: அவர்கள் உயில் எழுதக் கூடாது, தத்தெடுக்கக் கூடாது. ஆடலையும் பாடலையும் தடுத்தது நிகழ்காலத்தைப் பறிக்க. உயிலைத் தடுத்தது எதிர்காலத்தைப் பறிக்க. 'எனக்குப் பின் இது இன்னாருக்கு' என்று சொல்ல இயலாதவருக்கு வரலாறு எப்படி வாய்க்கும்? அவர்களைப் பற்றி அன்றைய அரசாங்கம் விட்டுச் சென்ற ஏடு, அவர்களை வேட்டையாடியவரின் ஏடே!

அதே பேரரசின் கை அயர்லாந்தின் கழுத்திலும் இருந்தது. 1860இல் இந்தியாவுக்குத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு. 1861இல் இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் அதே நோக்குடைய சட்டம். அந்த அயர்லாந்தின் விடுதலைக்குப் போராடியவர் ரோஜர் கேஸ்மெண்ட். காங்கோவிலும் அமேசான் காட்டிலும் ரப்பருக்காக வதைக்கப்பட்ட பழங்குடி மக்களின் துயரை உலகுக்கு உரைத்தவர். 1916இல் அவருக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டபோது, கருணை காட்டுமாறு பலர் வேண்டினர். ஆங்கில அரசு என்ன செய்தது? ஆண்களோடு அவர் கொண்ட உறவைக் கூறும் நாட்குறிப்புப் பக்கங்களைச் செல்வாக்குள்ளோர் கண்ணில் படும்படி கமுக்கமாகச் சுற்றவிட்டது. வேண்டுகோள்கள் வலுவிழந்தன. ஆகஸ்ட் 3ஆம் நாள் தூக்கிலேற்றினர்.

இதில் நாம் நின்று நோக்குவது அடுத்து நடந்ததை. அயர்லாந்துத் தேசப்பற்றாளர் பலர், 'அந்த நாட்குறிப்பு போலி' என்று பல்லாண்டு வாதாடினர். எதிரி அதை இழிவென்று காட்டினான். நண்பனும் அதை இழிவென்று கருதியே மறுத்தான். கொன்றவனும் போற்றியவனும் ஒரு கருத்தில் உடன்பட்டார்கள் என்றால், அந்தக் கருத்து எவ்வளவு கொடிது!

அயர்லாந்து அச்சட்டத்தை 1993இல் நீக்கிற்று. 2008இல், பால்புதுமையினர் இயக்கத்தின் துண்டறிக்கைகள், இதழ்கள், கடிதங்கள் அடங்கிய தொகுப்பைத் தன் தேசிய நூலகத்தில் ஏற்றுக்கொண்டது. ஒருகால் குற்றச் சான்றாகக் கொள்ளத்தக்க தாள்கள், இன்று நாட்டின் சொத்து. நம் நாட்டில் 377ஆம் பிரிவின் பிடியிலிருந்து, மனமொத்த வயதுவந்தோரை உச்ச நீதிமன்றம் விடுவித்தது 2018 செப்டம்பர் 6இல். பெங்களூரில் இவ்வரலாற்றுக்கெனவே ஓர் ஆவணக் காப்பகம் எழுந்துள்ளது.

தமிழ்நாட்டில்? ஆண்டுதோறும் சித்திரையில் கூவாகத்துக்குப் படக்கருவிகள் படையெடுக்கின்றன. தாலி கட்டுவது ஒரு படம், தாலி அறுப்பது ஒரு படம். மறுநாள் அந்தப் பெண்கள் எங்கே உண்டார்கள், எங்கே உறங்கினார்கள் என்று கேட்க ஆளில்லை. ஊரார் எடுத்த படம் அவ்வளவுதான் காட்டும்.

தாமே எழுதத் துணிந்தவர்களும் உண்டு. ஆ. ரேவதி, தம் போன்றோரின் வாழ்க்கைக் கதைகளைக் கேட்டுத் தொகுத்து 2004இல் 'உணர்வும் உருவமும்' நூலைத் தந்தார். அவர் தமிழில் எழுதிய தன்வரலாறு முதலில் ஆங்கிலத்தில் 2010இல் வந்தது. அதன்பின்பே 'வெள்ளை மொழி'யாகத் தமிழில் வந்தது. தமிழ்ப் பதிப்புலகம் இதைக் குறித்துச் சற்று வெட்கப்படலாம், தவறில்லை. கல்கி சுப்பிரமணியத்தின் சகோதரி அமைப்பு நடத்திய 'சிவப்புச் சுவர்' முயற்சியில், வன்கொடுமைக்கு ஆளான திருநங்கையர் தாளில் சிவப்பு வண்ணத்தால் உள்ளங்கையைப் பதித்து, தாம் பட்டதைத் தம் கையெழுத்திலேயே எழுதினர். காவல் நிலையத்தில் கைவிரலைப் பற்றி இழுத்துப் பதிய வைப்பது ஒன்று. தானே கை நீட்டிப் பதிப்பது முற்றிலும் வேறொன்று.

"பழையதைக் கிளறுவானேன்? வேலையும் வீடும் கொடுங்கள், போதும்" என்பார் சில நல்லோர். வேலையும் வீடும் வேண்டும், யார் மறுத்தது? ஆனால், வாடகைக்கு வீடு கேட்டுப் போகும்போதே, "இதெல்லாம் இப்போது வந்த மேனாட்டு நோய்" என்று கதவைச் சாத்துகிறார்களே! மேனாட்டிலிருந்து வந்தது சட்டம்தான், மனிதர்கள் அல்லர் என்று காட்டச் சான்று வேண்டாமா?

சான்று பெரும்பாலும் குப்பை வடிவில்தான் இருக்கும். நமக்கு அண்மையிலுள்ள கோட்டையூரில், பெயர்ப்பலகை எழுதிய ரோஜா முத்தையா, பிறர் வீசியெறிந்த நாடக நோட்டீசையும் திருமண அழைப்பையும்கூடச் சேர்த்தார். அவர் மறைந்தபின், 1994இல் அத்தொகுப்பு சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயிற்று. நம் நகரில் கிருஷ்ணமூர்த்தி – டோரதி இணையர் தம் வருவாயைக் கொட்டி ஞானாலயாவை வளர்த்தனர். தாளின் அருமை தெரிந்த மண் இது.

இனி, நம்மை உறங்கவிடாத பகுதிக்கு வருவோம். அஞ்சி அஞ்சி மறைத்து வாழ்ந்து மறைந்தவரின் கடிதம் ஒன்று கிடைக்கிறது. வெளியிடலாமா? குடும்பத்தார் எரிக்கச் சொல்கிறார்கள். எரிக்கலாமா? எரிக்கக் கூடாது என்பதில் நமக்கு ஐயமில்லை; அது இரண்டாவது கொலை. ஆயினும் வரலாற்று ஆர்வம் என்ற பெயரால் ஊரறிய விரிப்பதும், ஆங்கில அரசு கேஸ்மெண்டுக்குச் செய்ததற்கு மிக அருகில் வந்துவிடுகிறது. காத்தல் வேறு, காட்டுதல் வேறு. காப்பது நம் கடமை. காட்டுவது அவர் உரிமை. சொல்லாமல் மறைந்தவர் செய்தியில், அவரையும் அவரைச் சார்ந்தோரையும் அது புண்படுத்தாத காலம் வரும்வரை பெட்டியைப் பூட்டி வைத்திருப்பதே நேர்மை. ஆய்வாளர் சிலர் இதைக் கோழைத்தனம் என்பர். அவர்களுக்கு அவசரம், மறைந்தவருக்கு இல்லை.

இக்கட்டுரையில் அந்த மாணவியின் பெயரை எழுத நாம் விரும்பினோம். சிவப்பு மையால் அடித்த பெயருக்கு ஈடாக, அவர் தாமே சூடிக்கொண்ட பெயரை அச்சில் ஏற்றிவிட்டால் நம் நெஞ்சு ஆறும் என்று கருதினோம். கேட்டோம். அவர் மறுத்துவிட்டார். நம் நெஞ்சு ஆறுவதற்காக அவர் பெயரா? கேட்டபின்தான் நமக்கே உறைத்தது.

சான்றிதழை வாங்கிக்கொண்ட பின் ஒரு நிழற்படத்தை நம்மிடம் கொடுத்தார். பள்ளி ஆண்டு விழா நாடகத்தில் கண்ணகியாக, கையில் சிலம்போடு அவர் நிற்கும் படம். வீட்டில் மற்றவற்றையெல்லாம் எரித்துவிட்டார்களாம். பின்புறத்தில் தம் புதிய பெயரையும் நாளையும் எழுதியிருந்தார்.

"பத்திரமா வெச்சிருங்க சார். அக்கா கல்யாணம் முடியறவரைக்கும் யாருக்கும் காட்ட வேண்டாம். முடிஞ்சதும் நானே வந்து சொல்றேன்" என்றார்.

உறையிலிட்டு ஒட்டி நம் இரும்புப் பெட்டியில் வைத்திருக்கிறோம். மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம்.