முதிய வீரரும் மாதிரி விமானமும்

படையிற் பணிபுரிந்து முதிர்ந்த தந்தையை மாதிரி விமானக் காட்சிக்கு அழைத்துச் செல்லும் மகன், அவருடைய மகிழ்ச்சியையே கருதுகிறான். ஆனால் அவர் அங்குக் காண்பது விளையாட்டுப் பொருளையோ, கொலைக் கருவியையோ?

பீன்யாவை அடுத்த ஜாலஹள்ளியில் விமானப்படைத் தொழில்நுட்பக் கல்லூரி உள்ளது. அங்குப் பயின்றோர் வானிற் போரிட்டவரல்லர். தரையில் நின்று விமானத்தைச் செப்பனிட்டு அனுப்பியவர். பெங்களூரில் உருவாகி 1961ல் முதன்முதற் பறந்த மாருத் விமானம், 1971 போரில் ராஜஸ்தான் எல்லையில் தாக்குதல் நடத்திற்று. திருகாணியைச் சரிபார்த்தவன் குண்டு விழுந்த இடத்தைக் காணான். ஆயினும் அச்செயலில் அவனுக்குப் பங்கில்லை என்று கூற நா எழவில்லை. பீன்யாப் பட்டறைகளில் இன்று விமான உறுப்புகளைக் கடைவோருக்கும் இவ்வினா உண்டு.

போரில் மடியும் வீரனின் மறுமை யாதென ஒரு படைத்தலைவன் வினவியபோது, புத்தர் இருமுறை மறுத்து, மூன்றாம் முறையே விடை பகர்ந்தார். விடை கடுமையானது, கேட்டவன் அழுதான். ஆயின் அவன் தானே வலிந்து கேட்டவன். கேளாத முதியவரிடம் மகன் தீர்ப்புரைத்தல் தகாது. எத்தனை பேர் மாண்டனர் என்று துருவுதலும், வீரக்கதை சொல்லுமாறு வற்புறுத்தலும் அவ்வாறே.

சிறு விமானம் எழும்போது அவர் முகம் மலரலாம், வாடவும் கூடும். நிழலில் நாற்காலி இட்டு அருகில் அமர்ந்திருக்கட்டும் மகன். அவராகவே பேசத் தொடங்கினால், விமானங்கள் இறங்கிய பின்னும் எழ வேண்டியதில்லை.