துயிலெழாதவள்

மூன்று வருஷத்துக்கு முன்னால், மார்கழி முழுக்க ஒருநாள்கூட நான் திருவெம்பாவை பாடப் போகவில்லை. இருபது வருஷமாக எங்கள் தெருச் சிவன் கோயிலில் பாடுகிறவள். நாலரைக்கு அலாரம் அடிக்கும், கேட்கும், உடம்பு எழாது. இரண்டு போர்வைக்குள்ளும் கால் விறைத்துக் கிடக்கும். திருவெம்பாவையின் தொடக்கப் பாட்டுகளே தூங்குகிற தோழியை எழுப்புகிறவைதான். "இந்த வருஷம் உன்னை நினைச்சுத்தான் பாடறோம்" என்று குழுவில் மூத்த மாமி சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சைவ சித்தாந்த வகுப்புக்குப் போனவள் நான். என்னை நானே வைதுகொள்ளக் கைநிறையச் சொற்கள் இருந்தன: தமோ குணம், ஆணவ மலம், கன்மம். குரல் கட்டிக் கரகரத்துப் போனபோது, பாடுவதற்கு அருள் இல்லை என்றே எடுத்துக்கொண்டேன். முடி கொட்டியது, மலச்சிக்கல், அரைவயிறு சாப்பிட்டும் ஏழு கிலோ கூடியது, மாதவிலக்கு பத்து நாள் இழுத்தது. இவற்றை மட்டும் வயசு என்று தள்ளினேன். உயிருக்கு ஒரு நோட்டு, உடம்புக்கு ஒரு நோட்டு என்று தனித்தனியாகக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன்.

கண்டுபிடித்தவள் புருவம் திருத்துகிற பெண். நூலைப் பல்லில் கடித்தபடி குனிந்தவள் நிறுத்திவிட்டாள். "அக்கா, ஓரத்துல எடுக்க முடியே இல்லையே. தைராய்டு பார்த்தீங்களா? எங்கம்மாவுக்கும் இப்படித்தான் ஆச்சு."

மருத்துவர் ஒரு மடக்குத் தண்ணீரை விழுங்கச் சொல்லி, முன்கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தார். ரத்தத்தில் டி.எஸ்.எச். 62. சுமார் நாலுக்குள் அடங்கியிருக்க வேண்டியதாம். மூளைக்கு அடியிலிருக்கும் பிட்யூட்டரி, 'சுரக்க மாட்டாயா' என்று தைராய்டை அதட்டுகிற அதட்டல்தான் அந்த எண். அதாவது, எனக்குள்ளேயும் ஒருத்தி விடாமல் திருவெம்பாவை பாடிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

விடிகாலை வெறும் வயிற்றில் 100 மைக்ரோகிராம் தைராக்ஸின். ஒரு மணி நேரம் காபி கூடாது. (விரதங்களில் இதுவே கடுமை.) மூன்று மாதத்தில் குரல் திரும்பியது, கோயிலுக்கும் போனேன். அப்போதுதான் கேள்வி வந்தது. ஒரு கிராமில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு என் பக்தியைத் திருப்பித் தருமென்றால், அதற்கு முந்தைய இருபது வருஷ பக்தி யாருடையது? 1891-ல் ஜார்ஜ் மரே என்ற ஆங்கிலேய மருத்துவர், ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசியில் ஏற்றி, இப்படி மந்தித்துப் போயிருந்த ஒரு பெண்மணியைத் தேற்றினார். அந்தப் பெண்மணி அதற்குப் பிறகு 28 வருஷம் இருந்தார். அந்த அம்மாள் சர்ச்சுக்குப் போகிறவராக இருந்தால், அவருடைய ஜெபத்தில் ஆட்டுக்கு எத்தனை பங்கு?

உடம்பும் கருவிகளும் மாயையில் ஆனவை, இருட்டில் கிடக்கும் உயிருக்கு இறைவன் கொடுத்த விளக்கு என்று வகுப்பில் படித்திருக்கிறேன். பரீட்சையிலும் எழுதினேன். என் கழுத்துக்கு அதைப் பொருத்திப் பார்க்கத்தான் தோன்றவில்லை. விளக்கில் எண்ணெய் தீர்ந்ததற்குக் கண்ணைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

எல்லாவற்றையும் சுரப்பியின் தலையில் கட்டவும் மனசு ஒப்பவில்லை. மாத்திரைக்குப் பிறகும் ஒரு சோம்பல் மிச்சம் இருக்கிறது. பள்ளிக்கூடத்துப் பரீட்சைத் தாள் திருத்துவதில், நாத்தனாருக்குப் போன் போடுவதில். டி.எஸ்.எச். 2.5-க்கு வந்தும் அது போகவில்லை. அது என்னுடையது, அதற்கு நான் ஆணவ மலம் என்று பேர் வைத்தால் தப்பில்லை.

உறுத்துவது சின்ன அத்தை. புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்து எங்களோடு இருந்தாள். அரிசி புடைத்துக்கொண்டே தூங்குவாள், முறம் மடியில் சாய்ந்திருக்கும். சித்திரை வெயிலிலும் போர்த்திக்கொள்வாள். "மூதேவி" என்பாள் பாட்டி. கேட்டுக் கேட்டு நாங்களும் சொல்லியிருக்கிறோம், அவள் காதுபடவே. அவள் போய் முப்பது வருஷத்துக்கு மேலாகிறது.

போன மாதம் கூடத்தில் மாட்டியிருந்த பழைய குடும்பப் படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றித் துடைத்தேன். ஓரத்தில் நிற்கிறாள். முகம் உப்பியிருக்கிறது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டு புருவமும் பாதியில் நின்றுவிட்டிருந்தன.