பிள்ளையின் பங்கு பிச்சையல்ல, கடன்



பரிசேயர் மத்தியில் ஒரு தந்திரம் வழங்கி வந்தது. வயது சென்ற தாய் தகப்பனுக்குக் கொடுக்க வேண்டிய பொருளை “கொர்பான்”, அதாவது தேவனுக்கு நேர்ந்த காணிக்கை என்று சொல்லிவிட்டால், அவர்களைப் பராமரிக்கும் கடமை நீங்கிற்றென்று எண்ணினார்கள். இது சர்வேசுரனுடைய கற்பனையையே அவமாக்குவதாகும் என்று சேசுநாதர் கண்டித்ததை அர்ச். மாற்கு சுவிசேஷத்தின் 7-ம் அதிகாரத்தில் காண்கிறோம்.

பெற்றோருக்குச் சொன்ன நியாயம் பிள்ளைகளுக்குப் பொருந்தாதோ? மனைவியைப் பிரிந்து வாழும் ஒருவன் திருநாளுக்கு உபயம் எழுதுகிறான். சப்பரத்துக்குப் பூமாலை வாங்குகிறான். அவன் பெற்ற பிள்ளைக்கு நீதிமன்றம் விதித்த ஜீவனாம்சமோ மாதக்கணக்கில் நிலுவையில் கிடக்கிறது. அந்தப் பூமாலை யாருடைய பணம்? பிள்ளையின் பாலும் பள்ளிக்கூடச் சம்பளமுமல்லவா?

இங்கே ஒரு பேதத்தைக் கவனியுங்கள். ஏழைக்கு இடுவது தருமம். கடனைத் தீர்ப்பது நீதி. பிள்ளைக்குச் சோறும் துணியும் படிப்பும் கொடுப்பது நீதியைச் சேர்ந்தது. ஆகையால் வசதியிருந்தும் கொடாதவன் இரக்கமற்றவன் மாத்திரமல்ல. களவு செய்யாதிருப்பாயாக என்ற ஏழாம் கற்பனைக்கும் உத்தரவாதி. தன் வீட்டாரைப் பராமரியாதவனை அர்ச். சின்னப்பர், தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தில், அவிசுவாசிக்கும் கீழாக வைக்கிறார். திருச்சபையின் 1983-ம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு (1136) பிள்ளை வளர்ப்பைப் பெற்றோரின் மிகக் கனமான கடமை என்கிறது. விவாகம் செல்லாது என்று திருச்சபை நீதிமன்றம் தீர்ப்பளித்தாலும், பிள்ளைகளைத் தாபரிக்கும் கடமையை அத்தீர்ப்பிலேயே இருவருக்கும் நினைப்பூட்ட வேண்டும் (1691). விவாகத்தின் கதி எதுவானாலும் தகப்பன் தகப்பனே.

“பிள்ளையைப் பார்க்க அவள் விடுவதில்லை” என்கிறான் ஒருவன். அது நியாயமான முறையீடானால் நீதிபதியிடம் சொல்லட்டும். அதற்காகப் பிள்ளையைப் பட்டினி போடலாமோ? “வேலை போய்விட்டது” என்கிறான் மற்றொருவன். மெய்யானால், தொகையைக் குறைக்கும்படி அதே நீதிமன்றத்தில் மனுச் செய்ய வழியுண்டு. ஒளிந்து திரிவது வழியல்ல.

நாட்டுச் சட்டமும் இதைக் கடனாகவே பாவிக்கிறது. முன்னே குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ம் பிரிவாயிருந்தது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ம் பிரிவாயிருக்கிறது. முறைப்படி விவாகத்தில் பிறவாத பிள்ளைக்கும் இதில் உரிமை உண்டு. காரணமின்றிக் கொடாதவன்மேல் வாரண்டு பிறப்பித்துப் பணத்தை வசூலிக்கலாம். அப்படியும் நிலுவை நின்றால், தவறிய ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறையில் வைக்கலாம். சிறையிலிருந்து வந்ததால் கடன் தீராது என்று 1989-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

தாய்மாரே, நீதிமன்றம் ஏறுவது பாவமோ என்று கலங்காதீர்கள். நீங்கள் கேட்பது பழிவாங்குதல் அல்ல; பேச வாயில்லாத பிள்ளையின் வழக்கு. ஆனால் தாமதியாதேயுங்கள்: வாரண்டு கேட்கும் மனுவைத் தொகை கொடுபட வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் போட வேண்டும். வக்கீலுக்குப் பணமில்லையானால், 1987-ம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் இலவச சட்ட உதவி உண்டு. நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் குழுவில் விசாரியுங்கள்.

உறவின்முறையாரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. அவன் சம்பளத்தை மறைக்க உடன்படுவதும், நிலத்தை உங்கள் பேருக்கு மாற்றிக் கொள்வதும், விலாசம் தெரியாதென்று பொய் சொல்வதும் அந்தப் பாவத்தில் பங்கு கொள்வதாகும்.

கடன்பட்ட சகோதரனே, பாவசங்கீர்த்தனத்தில் மனஸ்தாபம் சொன்னால் மாத்திரம் போதாது. சக்கேயுவைப் போல எடுத்ததைத் திரும்பக் கொடுக்கும் தீர்மானமும் வேண்டும். முழுவதும் இன்று கூடாதாகில், கூடியதை இன்றே கொடுக்கத் தொடங்கு. அர்ச். சூசையப்பர் தமது இரத்தத்தில் பிறவாத திவ்விய பாலனை, எஜிப்து தேசத்திலும் நசரேத்திலும் தமது கை வேலையால் போஷித்தார். உன் சொந்த இரத்தத்தில் பிறந்த பிள்ளைக்கு உன் கை திறக்கும்படி அவரை மன்றாடு. ஆமென்.

உங்கள் பங்குக் குரு